சித்தப்பாவிடம் மெஷினா, பெல்ற்றா?

கேள்வி: மாங்குளத்தில் சின்னதாக ஒரு வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். லொறி ஸ்பிரிங் தகட்டில் காட்டுக்கத்தி செய்து பழகுகிறேன். இதுவரை அரமும் ஆங்கிள் கிறைண்டரும்தான். அரத்தாள் பட்டி சுழன்று இரும்பைத் தேய்க்கும் பெல்ற் கிறைண்டர் ஒன்று எடுக்க விருப்பம். ஒன்லைனில் ஒரு அங்குல பெல்ற் போடும் மெஷின் மலிவாகக் கிடைக்கிறது. கனடாவிலிருந்து வரும் சித்தப்பாவோ அங்கிருந்தே ஒன்று கொண்டுவருகிறேன் என்கிறார். எதை எடுக்கலாம்?

பதில்: சித்தப்பாவின் மனம் நோகாமல் அந்த மெஷினை வேண்டாமென்று சொல்லிவிடுங்கள். அங்கே 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ். இங்கே 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். ட்ரான்ஸ்போமர் வைத்தால் சரி என்பார்கள். அது வோல்ற்றைத்தான் குறைக்கும், ஹேர்ட்ஸை மாற்றாது. சாதாரண மோட்டர் ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து ஓடும், சூடும் கூடும்.

ஒரு அங்குல மெஷின் கத்தி தீட்டவும் பிடி மட்டம் பண்ணவும் போதும். ஸ்பிரிங் தகட்டை வைத்து அழுத்தினால் திணறிவிடும்.

கத்தி செய்பவர்கள் பெரும்பாலும் புழங்குவது 2×72 பெல்ற், அதாவது இரண்டு அங்குல அகலம், 72 அங்குல நீளம். அதற்கான மெஷினை நீங்களே செய்யலாம்; வெல்டிங் தெரிந்த உங்களுக்குச் சட்டம் அடிப்பது பெரிய வேலையில்லை. சில்லுகளை மட்டும் லேத்தில் கடைந்து எடுங்கள். 1.5 குதிரைவலு, 1440 சுற்று மோட்டரில் 150 மி.மீ. சில்லு பூட்டினால் பெல்ற் வினாடிக்கு ஏறத்தாழ 11 மீற்றர் ஓடும். கை பழக அந்த வேகம் நல்லது. பிறகு வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் எண்ணம் இருந்தால் இப்போதே 230 வோல்ற்றில் ஓடக்கூடிய திறீ பேஸ் மோட்டராக எடுங்கள். வேகம் மாற்றும் பெட்டி வீட்டு சிங்கிள் பேஸ் கரண்டிலேயே அதை ஓட்டும். சாதாரண சிங்கிள் பேஸ் மோட்டருக்கு அந்தப் பெட்டி சரிவராது.

உண்மையான செலவு பெல்ற்றில்தான். மெஷின் ஒருமுறைச் செலவு; பெல்ற் தேயத் தேய வாங்க வேண்டும். காசு மிச்சம் பிடிக்கத் தேய்ந்ததையே போட்டு அழுத்தினால் வெட்டாது, சூடாக்கும். பதம் ஏற்றிய கத்தியில் நீலம் பாய்ந்தால் அந்த இடத்தில் பதம் போய்விட்டது என்று அர்த்தம். பக்கத்தில் வாளித் தண்ணீர் வையுங்கள். கத்தியை வெறுங்கையால் பிடியுங்கள், கை சுடும்போது தோயுங்கள். துணிக் கையுறையைப் பெல்ற் இழுத்துக்கொள்ளும். சாரத்தோடும் நிற்க வேண்டாம். தூசிக்கு வாயில் துணி கட்டுவது பாதுகாப்பல்ல, வடிகட்டி பூட்டிய முகமூடி வேண்டும்.

சித்தப்பாவிடம் பெல்ற்றுகளைக் கேளுங்கள். பாரம் குறைவு, அங்கே எளிதாகக் கிடைக்கும். சொரசொரப்பு நம்பர் 36, 60 செரமிக் பெல்ற்றில் கூடுதலாக, மென்மையான 120, 220 கொஞ்சம். மடிக்காமல் சுருட்டிக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஈரம் பட்டால் ஒட்டு விட்டுவிடும். அளவை எழுதியே அனுப்புங்கள். அங்கே 2×42 என்றும் ஒன்று விற்கிறார்கள், அது உங்கள் சட்டத்துக்கு எட்டாது.