தரை இறுகிக் கிடக்கும் நாளிலும் குதிரைகளை வேலி தாண்டவிடுவது கொடுமை இல்லையா? டிவியில் ஏன் அதைச் சொல்வதே இல்லை?

கேள்வி கேட்டவர் இங்கிலாந்தின் கிராண்ட் நேஷனல் என்ற வேலி தாண்டும் குதிரைப் பந்தயத்தின் காணொளி ஏதோ ஒன்றைப் பார்த்திருக்கிறார். இரண்டாவது சுற்றில் ஒரு வேலியை மட்டும் குதிரைகள் தாண்டாமல் ஒதுங்கிப் போனதைக் கவனித்திருக்கிறார். முதல் சுற்றில் விழுந்த குதிரை அங்கே கிடந்ததுதான் காரணம் என்று தெரிந்ததும் கொதித்துப்போய், "ஜல்லிக்கட்டுக்கு மட்டும் வாய் கிழியப் பேசுகிறார்களே" என்று ஒரு வரியையும் சேர்த்துவிட்டார். முதலில் அந்த வரிக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். பீட்டா அமைப்பு கிராண்ட் நேஷனலையும் தடை செய்யத்தான் சொல்கிறது. 2023-இல் போராட்டக்காரர்கள் அது நடக்கும் எய்ன்ட்ரீ திடலுக்குள் புகுந்ததில் பந்தயமே 14 நிமிடம் தாமதமானது. நூற்றுக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். அங்கே கேட்பாரே இல்லை என்பது சரியல்ல.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நான் இங்கிலாந்தில் படித்தபோது, தடை தாண்டும் பந்தயங்கள் நடக்கும் ஒரு சிறிய திடலில் வார இறுதிகளில் கூலி வேலை பார்த்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். ஒவ்வொரு பந்தயமும் முடிந்த கையோடு கவைக்கோலும் ஒரு வாளியும் தந்து எங்களை ஓடுபாதைக்குள் விரட்டுவார்கள். குளம்பு பெயர்த்த புல்கட்டிகளைத் திருப்பி வைத்து மிதிக்க வேண்டும். பள்ளத்தில் வாளியில் இருக்கும் மண், மணல், புல்விதைக் கலவையைப் போட்டு நிரப்ப வேண்டும். குளிர்காலத்தில் பூட்ஸ் சேற்றில் புதையும், கட்டி கட்டியாகப் புல் பெயர்ந்து கிடக்கும், முதுகு ஒடிந்துவிடும். மழை பொய்த்த ஒரு வசந்தத்தில் எங்களுக்கு வேலையே இல்லை. குளம்பு விழுந்த இடத்தில் சிராய்ப்பு மட்டும்தான் இருந்தது. கவைக்கோலின் பல்லை அழுத்தினால் கை அதிர்ந்ததே தவிர, மண்ணுக்குள் அது இறங்கவில்லை.

தரையின் நிலையை அங்கே, சேறாகக் கிடப்பதிலிருந்து இறுகிக் கிடப்பது வரை, ஹெவி, சாஃப்ட், குட், ஃபர்ம் என்று தரம் பிரிப்பார்கள். தடை தாண்டும் பந்தயத்துக்குக் 'குட்' என்ற நிலையைக் குறிவைத்துத் தண்ணீர் பாய்ச்சுவதுதான் வழக்கம். இறுகிய தரையில் குதிரை வேகமெடுக்கும். வேலியில் கால் இடறினால் அந்த வேகத்தோடுதான் விழும். இடறாமல் இறங்கினாலும் அதிர்ச்சி முழுவதையும் முன்னங்கால் வாங்கிக்கொள்ளும். கவலையுள்ள பயிற்சியாளர்கள் அன்றைக்குக் குதிரையை விலக்கிக்கொள்வார்கள். பன்னிரண்டு ஓட வேண்டிய இடத்தில் நான்கு ஓடும். ஆனாலும் பந்தயத்தை ரத்து செய்ய மனம் வராது. பணம் கட்டிச் சூதாடும் கடைகளுக்குப் போகும் நேரடிப் படத்துக்குத் திடலுக்குக் காசு வருகிறது. பந்தயம் நடந்தால்தான் படம், படம் போனால்தான் காசு.

அந்த வறண்ட வசந்தத்தில் ஒரு நாள் ஒரு செம்பழுப்புக் குதிரை கடைசிக்கு முந்தைய வேலியில் விழுந்தது. ஜாக்கிக்கு ஒன்றும் ஆகவில்லை. குதிரை எழுந்திருக்கப் பார்த்தது, முன்னங்கால் ஒத்துழைக்கவில்லை. விழுந்த குதிரையை மறைக்கும் பச்சைத் துணித் திரையைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களுக்கு ஓர் ஆள் குறைந்தது. மேற்பார்வையாளர் என்னைக் கூப்பிட்டு ஒரு கம்பத்தைக் கையில் கொடுத்தார். "வெளியே பார்த்து நில், உள்ளே பார்க்காதே" என்றார். பார்த்தேன். ஜாக்கி சேணத்தை அவிழ்த்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தார். சேணப் பட்டை இறுக்கியிருந்த இடத்தில் வியர்வை நுரை வெள்ளைக் கோடாகக் காய்ந்துகொண்டிருந்தது. லாயத்துப் பெண் தலைக்கயிற்றை விடவே இல்லை. மருத்துவர் காலைத் தொட்டுப் பார்த்தார், தலையை அசைத்தார், ஊசியை எடுத்தார். அதற்குப் பிறகு அதிக நேரம் ஆகவில்லை.

எதிரே இருந்த பெரிய திரையில் வென்ற குதிரை கடைசி வேலியைத் தாண்டுவதை மூன்று கோணங்களில் காட்டிக்கொண்டிருந்தார்கள். பிறகு, "அடுத்த பந்தயம் சற்றுத் தாமதமாகும்" என்று ஒலிபெருக்கி அறிவித்தது. ஏன் தாமதம் என்று அது சொல்லவில்லை. இரவு விடுதி டிவியில் அதே பந்தயத்தின் சுருக்கத்தைப் பார்த்தேன். வென்ற குதிரை வேலியை நெருங்கும் இடத்திலிருந்துதான் தொடங்கியது.

திரை கட்டுவதை நான் குறை சொல்லவில்லை. திரை எழுந்தாலே சாவு என்றும் நினைத்துவிடாதீர்கள். மூச்சுத் திணறி விழுந்த குதிரை கொஞ்ச நேரம் கழித்து எழுந்து நடப்பதை அதே திரைக்குப் பின்னால் பார்த்திருக்கிறேன். மருத்துவர் வேலை செய்ய மறைப்பு வேண்டும். சாவை டிவியில் காட்டச் சொல்லும் ரகமும் நான் இல்லை. "குதிரை இறந்துவிட்டது" என்று சொல்லிவிட்டுப் பரிசளிப்புக்குப் போகலாமே என்பதுதான் என் கோபம்.

2011 ஏப்ரலில் கிராண்ட் நேஷனலில் நடந்ததைப் பாருங்கள். தண்ணீர் பாய்ச்சிய தரைதான், ஆனால் கடும் வெயில். பாலாப்ரிக்ஸ் என்ற குதிரை 9 நிமிடம் 1.2 விநாடியில் வென்றது. அதைவிட வேகமான ஓட்டம் அதுவரை ஒன்றே ஒன்றுதான்: 1990-இல் ஃபர்ம் தரையில் மிஸ்டர் ஃப்ரிஸ்க் ஓடிய 8 நிமிடம் 47.8 விநாடி. ஓர்னே, டூனிஸ் கேட் என்ற இரண்டு குதிரைகள் அன்று இறந்தன. வான்வழிக் காமிராவில் தார்ப்பாய் போர்த்திய உடல் தெரிந்தது. நேரலையைப் பார்த்தவர்கள் மற்ற குதிரைகள் அதைச் சுற்றிப் போவதைக் கண்டார்கள்; இறந்துவிட்டன என்ற வார்த்தை மட்டும் ஓட்டத்தின்போது வரவில்லை. பிபிசிக்குப் புகார்கள் குவிந்தன.

"இத்தனை பேசுகிறவன் அங்கே கூலி வாங்கவில்லையா?" என்று கேட்பீர்கள். வாங்கினேன்.       ஆனால் ரேஸில் ஒரு பைசா கட்டியதில்லை என்பதை இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

தரை ஒன்றையே குற்றவாளியாக்காதீர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 2025 நேஷனலில் ஈரப்பதமான தரையில்தான் செலப்ர் டாலன் என்ற 13 வயதுக் குதிரை ஓடிக் களைத்து விழுந்தது, சில நாளில் இறந்தது. களைத்த பிறகும் ஓட்டியதற்காக ஜாக்கிக்கு 10 நாள் தடை விதித்தார்கள்.

"பந்தயத்துறை தானாகவே திருந்தி வருகிறது" என்று யாராவது கீழே எழுதுவார்கள். நேஷனல் வேலிகளின் உள்ளே இருந்த மரச்சட்டத்தை எடுத்துவிட்டு வளையும் பிளாஸ்டிக்கை வைத்தது 2013-இல். 2011-இலும் 2012-இலும் இரண்டிரண்டு குதிரைகள் செத்து நாடே சத்தம் போட்ட பிறகு நடந்தது அது. ஓடும் குதிரைகளை 40-இலிருந்து 34 ஆகக் குறைத்தது 2024-இல், அதுவும் முந்தைய ஆண்டுக் கூச்சலுக்குப் பிறகு. நேஷனலைக் கோடிக்கணக்கானோர் பார்க்கிறார்கள், அதனால் அங்கே நடந்தது. நான் கம்பம் பிடித்த திடலில் அந்தக் குதிரையின் பெயருக்கு எதிரே முடிவுப் பட்டியலில் 'விழுந்தது' என்று மட்டும் போட்டிருந்தார்கள்.