விசுவாசத்தைக் குறித்து விசாரிக்கிறவர்களுக்கு: கேள்வி பதில்

கேள்வி: இயேசு என்றொருவர் வாழவே இல்லை என்று உடன் பணிபுரியும் நண்பர் அடித்துச் சொல்கிறார். வேதாகமத்துக்கு வெளியே சான்று உண்டா?

பதில்: உண்டு, சகோதரரே. கி.பி. 116 அளவில் எழுதிய ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ், திபேரியு பேரரசனின் காலத்தில் யூதேயாவின் ரோம ஆளுநர் பொந்தியு பிலாத்துவின் கையால் கிறிஸ்து மரணதண்டனை பெற்றதைக் குறிப்பிடுகிறார். கிறிஸ்தவர்கள்மீது அவருக்குத் துளியும் பரிவு கிடையாது. ஆகவே நமக்குச் சாதகமாக எழுத அவருக்குக் காரணமும் இல்லை. அவருக்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ், தம் தொன்மை வரலாற்றின் 20ஆம் புத்தகத்தில், கிறிஸ்து எனப்பட்ட இயேசுவின் சகோதரனாகிய யாக்கோபு கொல்லப்பட்டதைப் பதிவு செய்தார்.

அதே நூலின் 18ஆம் புத்தகத்தில் இயேசுவைப் பற்றி இன்னும் நீண்ட ஒரு பகுதி இருக்கிறது. அதை அப்படியே எடுத்து நீட்டாதீர்கள். "இவரே கிறிஸ்து" என்ற வாக்கியத்தைக் கிறிஸ்தவரல்லாத ஒரு யூதர் எழுதியிருக்க முடியாது; பிற்காலத்தில் பிரதியெடுத்த கிறிஸ்தவர்களின் கை அதில் பட்டிருக்கிறது என்பதே பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. இளவயதில் நான் அந்தப் பகுதியை முழுவதுமாக ஒப்பித்து வாதாடினேன். எதிரே இருந்தவர் நாத்திகர். அந்தச் சிக்கலை அவர் பொறுமையாக விளக்கியபோது, அதுவரை நான் சொல்லியிருந்த நல்ல சான்றுகளும் அவர் காதில் மதிப்பிழந்துபோயின.

கேள்வி: பிரதிமேல் பிரதியெடுத்து வேதத்தையே மாற்றிவிட்டார்கள் என்கிறார்களே? மூலப் பிரதிகள் எங்கே?

பதில்: மூலப் பிரதி ஒன்றுகூட இன்று இல்லை. பழங்கால நூல்களில் ஏறக்குறைய எல்லாவற்றின் நிலையும் இதுதான். புதிய ஏற்பாட்டுக்கு, முழுமையாகவும் துண்டுகளாகவும், 5,000க்கும் மேற்பட்ட கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகள் கிடைத்திருக்கின்றன. அவற்றுக்கிடையே உள்ள வேறுபாடுகள் லட்சக்கணக்கில் எண்ணப்படுகின்றன. எண்ணிக்கையைக் கேட்டதும் மனம் பதறத்தான் செய்யும். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை எழுத்துப் பிழைகளும் சொல்வரிசை மாற்றங்களுமே. ஒரே ஒரு பிரதி மட்டும் எஞ்சியிருந்தால் வேறுபாடே இருந்திருக்காது. எங்கே பிழை நுழைந்தது என்று கண்டுபிடிக்க வழியும் இருந்திருக்காது.

பெரிய வேறுபாடுகளும் உண்டு. மாற்கு சுவிசேஷத்தின் முடிவுப் பகுதியான 16:9–20 நான்காம் நூற்றாண்டின் சினாய், வத்திக்கான் பிரதிகளில் இல்லை. விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் நிகழ்ச்சியும் யோவான் சுவிசேஷத்தின் மிகப் பழைய பிரதிகளில் காணப்படவில்லை. இதைச் சபையாரிடம் மறைப்பது தவறு என்பது என் உறுதியான கருத்து. நம் பிள்ளைகள் இதை வகுப்பறையில் ஓர் ஐயவாதியின் வாயிலாக முதன்முறை கேட்டால், வேறு எதையெல்லாம் மறைத்தார்களோ என்று எண்ணுவது இயல்புதானே? இந்தப் பகுதிகளை ஒதுக்கி வைத்தாலும் நம் அடிப்படைப் போதனைகளில் எதுவும் விழுந்துவிடுவதில்லை.

மான்செஸ்டரில் ஜான் ரைலண்ட்ஸ் நூலகத்தில் ஒரு பாப்பிரஸ் (பண்டைய நாணல் தாள்) துண்டு இருக்கிறது. உயரம் ஏறக்குறைய 9 சென்டிமீட்டர், அகலம் 6, உள்ளங்கையில் அடங்கிவிடும். முன்பக்கத்தில் யோவான் 18:31–33, பின்பக்கத்தில் 37–38. ஒவ்வொரு பக்கத்திலும் ஏழு வரிகளின் துணுக்குகள். இரண்டு பக்கமும் எழுதியிருப்பதால் அது சுருளாக அல்லாமல் ஏடுகளைத் தைத்த புத்தகமாக இருந்தது என்று தெரிகிறது. வழக்கமாக அதை இரண்டாம் நூற்றாண்டுக்குரியதாகக் கணிக்கிறார்கள். 125 என்று ஆண்டைத் துல்லியமாகச் சொல்வது எழுத்துவடிவக் கணிப்பால் தாங்க முடியாத சுமை. பிலாத்து இயேசுவை விசாரிக்கும் அதே காட்சி, நாம் இன்று வாசிக்கும் வாசகத்தோடு ஒத்துப்போகிறது.

கேள்வி: 325இல் நிசேயா நகரில் கூடிய ஆயர் சங்கத்தில் வாக்கெடுத்துத்தான் இயேசுவைக் கடவுளாக்கினார்கள் என்பது உண்மையா?

பதில்: இல்லை. குமாரன் பிதாவோடு ஒரே தன்மையுள்ளவரா, அல்லது ஆரியு என்ற மூப்பர் சொன்னபடி படைக்கப்பட்டவர்களில் முதல்வரா என்பதே அங்கு நடந்த வாதம். அதற்கு இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன், 112 அளவில், ஆளுநர் பிளினி பேரரசன் டிராஜனுக்கு எழுதிய கடிதத்தில், கிறிஸ்தவர்கள் விடியுமுன் கூடி, ஒரு தெய்வத்துக்குப் பாடுவதுபோல் கிறிஸ்துவுக்குப் பாடுகிறார்கள் என்று குறிப்பிடுகிறார். கிறிஸ்துவைத் தேவனுடைய ரூபமுள்ளவர் என்று சொல்லும் பிலிப்பியர் 2ஆம் அதிகாரம் அதைவிடவும் பழையது. வேதாகமத்தில் எந்தெந்தப் புத்தகங்கள் இருக்கவேண்டும் என்பதையும் நிசேயா தீர்மானிக்கவில்லை.

கேள்வி: நான் விசுவாசி அல்ல. உயிர்த்தெழுதலை, துக்கத்தில் இருந்த சீடர்கள் கண்ட மாயத்தோற்றம் என்று விளக்கினால் என்ன குறை?

பதில்: ஐயா, எதிர்விளக்கங்களில் இதுவே வலுவானது, சீடர்கள் உடலைத் திருடினார்கள் என்பதைவிட மிக நேர்மையானதும்கூட. அன்பானவரை இழந்தவர்கள் அவரைக் கண்டதாகச் சொல்வது உலகம் அறிந்த அனுபவம். ஆனால் கி.பி. 50களின் நடுவில் அப்போஸ்தலன் பவுல் எழுதிய 1 கொரிந்தியர் 15ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். தமக்கு முன்னிருந்தவர்களிடம் பெற்றுக்கொண்ட செய்தி என்று சொல்லி, கண்டவர்களை அவர் வரிசைப்படுத்துகிறார். அந்த வரிசையில் இயேசுவின் சகோதரன் யாக்கோபு இருக்கிறார். இயேசுவின் சகோதரர்கள் அவரை விசுவாசிக்கவில்லை என்று யோவான் 7:5 சொல்கிறது. கடைசியாகப் பவுலே இருக்கிறார்; அவர் துக்கத்தில் இருந்தவர் அல்ல, சபையைத் துன்பப்படுத்திக்கொண்டிருந்தவர். கல்லறைக்கு முதலில் போனவர்கள் பெண்கள் என்று நான்கு சுவிசேஷங்களும் சொல்கின்றன. பெண்களின் சாட்சியத்தை ஏற்கலாகாது என்று யோசேப்பஸ் எழுதிய சமுதாயத்தில் இட்டுக்கட்டுகிறவர்கள் அப்படித் தொடங்கியிருக்க மாட்டார்கள்.

பன்னிரண்டு அப்போஸ்தலரும் இரத்தசாட்சிகளாக மரித்தார்கள் என்ற வாதத்தை நான் பயன்படுத்துவதில்லை. பலருடைய முடிவைப் பற்றிப் பிற்கால மரபுகளே உள்ளன. யோவானைப் பற்றிய மரபோ முதுமையில் மரித்ததாகச் சொல்கிறது. மேலே சொன்னவை கணக்குத் தேற்றத்தைப்போல் உங்களைக் கட்டாயப்படுத்தா என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். கடவுள் இருக்கவே முடியாது என்று முன்பே முடிவு செய்தவருக்கு எந்த விளக்கமும் உயிர்த்தெழுதலைவிட எளிதாகவே தோன்றும். ஆகவே நாம் பேசவேண்டியது அந்த முன்முடிவைப் பற்றித்தான்.

கேள்வி: பெருவெடிப்புக் கொள்கை படைப்பை நிரூபிக்கிறது என்று சொல்லலாமா?

பதில்: சொல்லவேண்டாம். விரிவடையும் பிரபஞ்சத்தைப் பற்றி 1927இல் எழுதி இக்கொள்கைக்கு அடிகோலிய இயற்பியலாளர் லெமேத்ர் கத்தோலிக்கக் குருவானவர். தம் கொள்கையை மதத்துக்கு ஆதாரமாக ஆக்குவதை அவரே விரும்பவில்லை.

கேள்வி: எல்லா ஆறும் கடலில்தான் கலக்கின்றன. மதங்களும் அப்படித்தானே?

பதில்: சகோதரியே, இயேசு சிலுவையில் மரித்தார் என்கிறது சுவிசேஷம், அவரைச் சிலுவையில் அறையவில்லை என்கிறது குர்ஆன் 4:157. இரண்டும் ஒன்றுதான் என்பவர் இரண்டையும் காது கொடுத்துக் கேட்கவில்லை. வேறுபாட்டை ஒப்புக்கொண்டே அன்பாகப் பழகலாம்; சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்லுங்கள் என்றுதானே பேதுரு எழுதினார்.

கேள்வி: என் தங்கையின் மூன்று வயதுக் குழந்தை சென்ற மாதம் இறந்தது. "உன் தேவன் எங்கே?" என்று கேட்கிறாள். என்ன பதில் சொல்லட்டும்?

பதில்: உங்கள் கடிதத்தைப் பலமுறை வாசித்தேன், சகோதரியே. வாதங்கள் இருக்கின்றன. நன்மைக்கு நிலையான அளவுகோல் இல்லாவிட்டால் இந்த மரணத்தை அநியாயம் என்று எதைக்கொண்டு சொல்வது என்பது அவற்றுள் ஒன்று. அது சரியான வாதம் என்றே நம்புகிறேன். அதைத் தயவுசெய்து அந்த வீட்டில் சொல்லாதீர்கள்.

பிள்ளைகளை எல்லாம் இழந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்த நல்ல காரியம் அதுவே. வாய் திறந்து விளக்கம் சொன்ன பிறகுதான் தேவனுடைய கோபத்துக்கு ஆளானார்கள். உங்கள் தங்கை கேட்பது அவிசுவாசக் கேள்வியும் அல்ல. "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்ற 22ஆம் சங்கீதத்தின் வரியை இயேசுவே சிலுவையில் கதறினார். ஆகவே அவள் கேட்கும்போது திருத்தாதீர்கள். தெரியவில்லை என்று சொல்லலாம், சேர்ந்து அழலாம். குழந்தையின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள்; மற்றவர்கள் அதைத் தவிர்த்துக்கொண்டிருப்பார்கள். இந்த வாரமே போய் இரண்டு நாள் அவளோடு தங்குங்கள்.