அடிக்கடி மடங்கும் கணுக்கால்: டேப் சுற்றினால் போதுமா?

கேள்வி: வயது 23, வாலிபால் ஆடுகிறேன். கல்லூரி முதல் வருடம் பிளாக் போட்டு இறங்கும்போது எதிரணிப் பெண்ணின் கால் மேல் மிதித்து வலது கணுக்கால் மடங்கிவிட்டது. எண்ணெய் போட்டு நீவி, 10 நாளில் ஆட வந்துவிட்டேன். அதற்கப்புறம் 4 முறை மடங்கியாயிற்று. இப்போது மேடுபள்ளத்தில் நடந்தாலே பிசகுகிறது. தோழி ஒட்டிவிட்ட நீல டேப்பில் பலன் தெரியவில்லை. கோச், வெள்ளை டேப் சுற்றச் சொல்கிறார். தினமும் கட்டினால் கால் அதற்கே பழகிவிடும் என்கிறார் அம்மா. யார் சொல்வது சரி?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: கோச் பாதி சரி, அம்மா பாதி சரி. தப்பு அந்த 10 நாளில் இருக்கிறது.

கால் உள்பக்கம் மடங்கும்போது வெளிப்பக்க லிகமென்ட் (எலும்பையும் எலும்பையும் பிணைக்கும் நார்) இழுபட்டுக் கிழிகிறது. வீக்கம் வற்றியதும் ஆறிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். ஆனால் பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சேதி சொல்லும் உணர்வு மந்தமாகியிருக்கும். மடங்கப்போகிற காலைப் பிடித்து நிறுத்த வேண்டிய வெளிப்பக்கத் தசையும் தாமதமாகத்தான் விழித்துக்கொள்ளும்.

நீல டேப் ரப்பர் மாதிரி நீளும். மடங்கும் காலை அது தடுக்காது. ஆட்டத்துக்கு வேண்டியது நீளாத வெள்ளை ஜிங்க் ஆக்சைடு டேப், 38 மி.மீ. அகலம். மேஜை விளிம்பில் காலை நீட்டி உட்காருங்கள். விரல்கள் கூரையைப் பார்க்க, பாதம் 90 டிகிரியில் இருக்கட்டும். இது முக்கியம், பாதம் தொங்கிய நிலையில் சுற்றினால் காசு தண்டம். கணுக்காலுக்கு அரைச் சாண் மேலே ஒரு சுற்று. அங்கே உள்பக்கம் தொடங்கி, குதிகாலுக்கு அடியில் கொண்டுபோய், வெளிப்பக்கம் இழுத்து மேலே ஒட்டுங்கள். இப்படி மூன்று பட்டை, ஒன்றின் மேல் ஒன்று பாதி ஏறி. அப்புறம் எட்டு வடிவத்தில் ஒரு சுற்று, குதிகாலை இருபுறமும் பூட்டுவதற்கு ஒன்று. முடித்ததும் கட்டைவிரல் நகத்தை அழுத்தி விடுங்கள். வெளுத்த நகம் இரண்டு விநாடியில் சிவக்காவிட்டால் இறுக்கம் அதிகம், பிரித்துவிடுங்கள். முதல் இரண்டு முறை பிசியோ யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொண்டு சுற்றுங்கள்.

அரை மணி நேரம் குதித்து வியர்த்தாலே டேப் தளர ஆரம்பிக்கும். ஐந்தாவது செட்டில் அதை நம்பி இறங்காதீர்கள். வாரம் ஐந்து நாள் ஆடுகிறவர் என்றால் ஷூ மாதிரி கயிறு கட்டும் பிரேஸ் (கணுக்கால் உறை) வாங்குவதே மலிவு.

இனி அம்மா விஷயம். டேப்பால் கால் பலவீனமாகாது. டேப் இருக்கிறதே என்று பயிற்சியை விட்டால்தான் ஆகும். காலையில் பல் தேய்க்கும்போது வலது காலில் மட்டும் நில்லுங்கள். 30 விநாடி ஆடாமல் நின்றால் கண்ணை மூடிக்கொண்டு. அதுவும் வந்தால் தலையணை மேல் ஏறி, கண்ணைத் திறந்தபடி. என்னிடம் வருகிற ஆட்டக்காரர்கள் பலர் கண்ணை மூடியதும் சுவரைப் பிடிப்பார்கள். அந்த வெட்கத்திலேயே மறுநாள் ஒழுங்காகச் செய்வார்கள். எட்டு வாரமாவது விடாமல் செய்யுங்கள். அதற்குப் பிறகும் ஒரு வருடம் ஆட்டத்தில் மட்டும் டேப் அல்லது பிரேஸ் இருக்கட்டும். வீட்டில், நடையில் வேண்டாம்.

இனி ஒருமுறை மடங்கி, நாலு எட்டு நடக்க முடியாமல் போனாலோ, கணுக்கால் எலும்பின் பின்விளிம்பை அழுத்தினால் வலித்தாலோ டேப்பைத் தொடாதீர்கள், எண்ணெயையும்தான். முதலில் எக்ஸ்ரே.