குப்புறப் படுத்த நோயாளிக்கு வென்டிலேட்டரில் எந்த மோடு நல்லது?

முதுகெலும்பு அறுவைக்கு நோயாளியைக் குப்புறப் படுக்க வைக்கும்போது வால்யூம் கன்ட்ரோல் (ஒவ்வொரு மூச்சுக்கும் காற்றின் அளவை நாம் நிர்ணயிப்பது) வைப்பதா, பிரஷர் கன்ட்ரோல் (அழுத்தத்தை நிர்ணயிப்பது) வைப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மயக்க மருந்து மருத்துவர். மோடைத் தொடுவதற்கு முன் வயிற்றைப் பாருங்கள் என்பேன்.

வயிறு மேசையில் அழுந்தினால் உதரவிதானம் மேலே தள்ளப்படும், நுரையீரல் விரிய இடம் குறையும், அழுத்தம் ஏறும். அதோடு வயிற்றுக்குள் இருக்கும் பெருஞ்சிரையும் நசுங்கி, ரத்தம் முதுகெலும்பைச் சுற்றியுள்ள சிரைகளுக்குத் திரும்பும். அவற்றில் வால்வு கிடையாது. அறுவை செய்யும் இடத்தில் ரத்தம் கசிந்துகொண்டே இருக்கும். மார்பும் இடுப்பும் தாங்கி, வயிறு தொங்கும்படி நடுவே திறந்திருக்கும் ஜாக்சன் மேசையிலோ தலையணைகளிலோ படுக்க வைத்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

சரி, மோடுக்கு வருவோம். வால்யூம் கன்ட்ரோலில் காற்று ஒரே சீரான வேகத்தில் போவதால் உச்ச அழுத்தம் அதிகமாகத் தெரியும். பிரஷர் கன்ட்ரோலில் முதலில் வேகமாகப் போய்ப் படிப்படியாகக் குறைவதால் அது குறைவாகத் தெரியும். ஆனால் அந்த உச்சத்தில் ஒரு பங்கு டியூபின் தடைக்கே செலவாகிறது, காற்றுப்பைகளைச் சேர்வதில்லை. அதனால் உச்ச எண்ணை மட்டும் வைத்து ஒரு மோடு சிறந்தது என்று சொல்லிவிட முடியாது. உள்மூச்சின் முடிவில் சற்று நிறுத்தி அளக்கும் பிளாட்டோ அழுத்தத்தைப் பாருங்கள். அதிலிருந்து பீப்பை, அதாவது மூச்சு வெளியேறிய பிறகும் நுரையீரலில் மிச்சம் வைக்கும் அழுத்தத்தை, கழித்தால் வருவது 15 செ.மீ. நீர் அழுத்தத்துக்குள் இருக்க வேண்டும்.

மெஷினில் பிரஷர் கன்ட்ரோல் வால்யூம் கியாரண்டி இருந்தால் நான் அதைத்தான் வைப்பேன். குறைந்த உச்ச அழுத்தத்திலேயே கேட்ட அளவு காற்று போய்ச் சேரும். அளவை உயரத்தை வைத்துக் கணக்கிடும் எடைக்குக் கிலோவுக்கு 6 முதல் 8 மி.லி. என்று வைக்கலாம். 170 செ.மீ. உயர ஆணுக்கு அந்த எடை சுமார் 66 கிலோ. அவர் உண்மையில் 95 கிலோ இருந்தாலும் இதுதான் கணக்கு. பீப் 5-இல் தொடங்கலாம். அதை ரொம்ப ஏற்றினால் இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைந்து பிபி இறங்கும்.

சாதாரண பிரஷர் கன்ட்ரோல் மட்டும்தான் இருக்கிறதென்றால் அலாரத்தில் கவனம் வேண்டும். டியூப் மடங்கினாலோ, சர்ஜன் முதுகில் கையை ஊன்றினாலோ அழுத்தம் மாறாது, உள்ளே போகும் காற்று மட்டும் குறையும். உயர் அழுத்த அலாரம் அடிக்காது. மினிட் வால்யூம் (ஒரு நிமிடத்தில் போய்வரும் மொத்தக் காற்று) அலாரத்தின் கீழ் வரம்பை இறுக்கமாக வையுங்கள், மானிட்டரில் தெரியும் வெளிமூச்சுக் கார்பன் டை ஆக்சைடு அலையிலிருந்து கண்ணை எடுக்காதீர்கள்.