வரைய வராத பெண்ணை ஓவிய வகுப்பில் சேர்க்கலாமா?

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். வாயால் கேட்டால் டக்கென்று பதில் சொல்லிவிடுவாள், படம் வரை என்றால் மட்டும் அழாத குறைதான். அறிவியல் படம், மேப், கிராஃப் எல்லாவற்றிலும் மார்க் போகிறது. "எனக்கு வரைய வராதும்மா" என்கிறாள். ஓவிய வகுப்பில் சேர்க்கலாமா? கம்ப்யூட்டர் வரையும் காலத்தில் இது எதற்கு என்கிறார் அவள் அப்பா.
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: சகோதரி, ஓவிய வகுப்பு இப்போதைக்கு வேண்டாம். மனதில் தெரிந்திருப்பதைக் கோட்டில் சொல்லத்தான் அவளுக்குப் பழக்கமில்லை, அதற்கு ஓவியத் திறமை தேவையே இல்லை. அறிவியல் நோட்டில் வரைகிற இதயம் அழகாக இல்லாவிட்டால் பரவாயில்லை, எந்த அறையிலிருந்து ரத்தம் எங்கே போகிறது என்று பார்க்கிறவருக்குப் புரிந்தால் போதும். அந்தப் படத்தில் நமக்கு இடது பக்கம் இருப்பது வலது ஏட்ரியம், அதாவது வலது மேல் அறை, ஏனென்றால் எதிரே நிற்கும் ஒருவருடைய இதயத்தைத்தான் நாம் பார்க்கிறோம். இதைச் சொல்லாமல் "பார்த்து வரை" என்று விட்டால் அழகாக வரைகிற பிள்ளைகூட பெயர்களை மாற்றித்தான் எழுதும்.

நான் பாலிடெக்னிக்கில் டிராயிங் எடுத்த காலத்தில், நல்ல மார்க்கோடு வந்த பிள்ளைகளே முதல் மாதம் திணறிப்போவார்கள். ஒரு மரக்கட்டையை மேஜையில் வைத்து, முன்னாலிருந்து பார்த்தால் எப்படி, மேலிருந்து பார்த்தால் எப்படி என்று வரையச் சொன்னால் இரண்டையும் ஒரே படத்தில் கலந்துவிடுவார்கள். அவர்கள் கையில் ஒரு குறையும் இல்லை, அப்படிப் பார்க்கச் சொல்லி அதுவரை யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான். டிராயிங் பீரியடை வேறு பாடத்துக்குத் தூக்கிக் கொடுத்துவிடுவது பல பள்ளிகளில் நடக்கிறது, எனக்கு அதில் இன்றும் மனவருத்தம்தான்.

வீட்டிலேயே ஆரம்பிக்கலாம். ஒரு காபி டம்ளரை அவள் முன்னால் வையுங்கள். நேராகப் பார்த்தால் மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் ஒரு சரிவகம், மேலிருந்து எட்டிப் பார்த்தால் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வட்டம். இரண்டையும் தனித்தனியாக வரையட்டும். அப்புறம் நீங்கள் கோலம் போடுகிறவர் என்றால் இடுக்குப் புள்ளி உங்களுக்குத் தெரியும், ஒரு வரிசைப் புள்ளிகளின் இடைவெளிக்கு நேராக அடுத்த வரிசைப் புள்ளியை வைப்பது. சம இடைவெளியில் 2, 3, 2 என்று புள்ளி வைத்துத் தாளைப் பக்கவாட்டில் திருப்புங்கள். வெளியே உள்ள ஆறு புள்ளிகளையும் சுற்றி இணைத்து, நடுப்புள்ளியிலிருந்து நேர் கீழே ஒரு கோடு, மேலே இடமும் வலமுமாக இரண்டு கோடு இழுத்தால், தட்டையான தாளில் ஒரு கனசதுரம் எழுந்து நிற்கும். இன்ஜினீயரிங் பிள்ளைகள் ஐசோமெட்ரிக் என்று படிப்பது இந்தக் கணக்குதான்! இதை அவள் கையால் போட்டுப் பார்க்கும்போது முகத்தைக் கவனியுங்கள்.

பத்தாம் வகுப்பு கணக்குப் பொதுத்தேர்வில் வடிவியல் வரைதலுக்கு 8, கிராஃபுக்கு 8, ஆக 16 மதிப்பெண் இருக்கிறது. அளவுத்திட்டம் எழுதுவது, அச்சுகளுக்குப் பெயர் போடுவது, பென்சிலைக் கூராக வைத்துக்கொள்வது எல்லாம் இரண்டு வாரப் பழக்கம். அளவெடுத்து வரைவதற்கு முன் கையால் போடுகிற உதவிப்படத்தை மட்டும் அவசரத்தில் கிறுக்கவிடாதீர்கள், யோசிப்பதெல்லாம் அங்கேதான் நடக்கிறது.

அவள் அப்பா சொல்வதும் பாதி சரி, கம்ப்யூட்டர் கோட்டைச் சுத்தமாகப் போட்டுத் தரும். ஆனால் எதைக் காட்ட வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்று முடிவெடுப்பது வரைகிறவர்தான். 1854-இல் லண்டனில் காலரா வந்தபோது ஜான் ஸ்னோ என்ற மருத்துவர், இறந்தவர்களை ஒரு தெரு வரைபடத்தில் வீடு வீடாகச் சின்னக் கறுப்புக் கோடுகளாகக் குறித்தார். அந்தக் கோடுகள் பிராட் தெருவின் அடிபம்பைச் சுற்றிக் குவிந்திருந்தன, நோய் அந்தத் தண்ணீரிலிருந்து வருகிறது என்பதைப் படமே காட்டியது. அவர் ஓவியர் கிடையாது.

உங்கள் வீட்டுக்கு இதுவரை வராத உறவுக்காரர் யாராவது அடுத்து வரும்போது, போனில் லொகேஷன் அனுப்பாமல், பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்கு வழியை அவளையே வரையச் சொல்லி அந்தப் படத்தை அனுப்புங்கள். வந்ததும் எங்கே நின்று குழம்பினார் என்று அவள் கேட்டு, அந்த இடத்தை மட்டும் திருத்தட்டும். இதெல்லாம் செய்தபிறகு ஓவியமும் பிடித்துப்போய் அவளே கேட்டால், அப்போது தாராளமாக வகுப்பில் சேர்த்துவிடுங்கள், அரசு நடத்தும் டிராயிங் லோயர், ஹையர் தேர்வுகளும் இருக்கின்றன.