பாட்டி சொன்ன அழகுக் குறிப்புகள்: எதைப் பூசலாம், எதை விடலாம்?

அழகுசாதனப் பொருள்களைத் தயாரிக்கும் வேலையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவள் நான். அதற்கு முன்பு, பாட்டி அரைத்துத் தந்ததையெல்லாம் முகத்தில் பூசிக்கொண்டு வளர்ந்தவள். இரண்டு அனுபவத்தையும் வைத்தே உங்கள் கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: அக்கா, எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக முகத்தில் எலுமிச்சைச் சாறு தேய்க்கிறோம். எனக்கு மட்டும் கன்னத்தில் கறுத்த திட்டு வந்துவிட்டது. நான் என்ன தவறு செய்தேன்?

நீங்கள் தவறு எதுவும் செய்யவில்லை. அந்தப் பழக்கமே ஆபத்தானது. நம் தோலின் மேற்பரப்பு இலேசான அமிலத்தன்மை கொண்டது. அமிலத்தைக் காட்டும் பிஎச் என்ற எண் அதற்கு ஏறக்குறைய 5; எண் குறையக் குறைய அமிலம் கூடும். எலுமிச்சைச் சாற்றின் அளவு 2-ஐ ஒட்டியது. அந்த அளவுகோலில் ஒவ்வொரு படியும் பத்து மடங்கு என்பதால், வித்தியாசம் ஆயிரம் மடங்கு வரை போகும். எரிச்சல் வராமல் எப்படி இருக்கும்?

உங்களுக்கு நேர்ந்தது அதையும் தாண்டியதாக இருக்கலாம். எலுமிச்சையில், குறிப்பாக அதன் தோலில், ஃபியூரோகூமரின் என்ற பொருள் இருக்கிறது. அது தோலில் பட்டிருக்கும்போது வெயில் விழுந்தால், ஓரிரு நாளில் சிவந்து கொப்புளம்கூட வரும். புண் ஆறிய பிறகு பழுப்புத் திட்டு தங்கிவிடும். உங்கள் அம்மா இரவில் பூசிக் கழுவியிருப்பார். நீங்கள் காலையில் பூசிவிட்டு வெளியே போயிருப்பீர்கள். பதினாறு வயதில் எனக்கும் இதே திட்டு வந்தது. மறைய நான்கு மாதம் ஆயிற்று. அந்த நான்கு மாதமும் கண்ணாடி பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

இனி எலுமிச்சை வேண்டாம். திட்டைச் சுரண்டாதீர்கள், தேய்க்காதீர்கள். தினமும் ஈரப்பதம் காக்கும் களிம்பும், வெளியே போகும்போது சன்ஸ்கிரீனும் பூசுங்கள். சில மாதங்களில் மங்கவில்லை என்றால் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: முட்டையின் வெள்ளைக்கரு பூசினால் முகம் இறுகி இளமையாகிறதே, அது உண்மையா?

இறுகுவது உண்மை. கரு காய்ந்து மெல்லிய படலமாகி, தோலை இழுத்துப் பிடிக்கிறது. கழுவியதும் அந்த இறுக்கம் போய்விடும். அதிலுள்ள புரதங்கள் மிகப் பெரியவை, தோலுக்குள் புகாது.

கேள்வி: தேங்காய் எண்ணெயைத் தலைக்குக் குளிக்கும் முன் தேய்க்க வேண்டுமா, பின்னா? முடி நீளமாக வளருமா?

முன்பு தேய்ப்பதே நல்லது. முடி தண்ணீரில் நனையும்போது ஊதுகிறது, காயும்போது சுருங்குகிறது. திரும்பத் திரும்ப இப்படி நடப்பதால்தான் அதன் மேல்செதில்கள் தளர்ந்து உள்ளிருக்கும் புரதம் கழன்று போகிறது. தேங்காய் எண்ணெயில் நிறைந்திருக்கும் லாரிக் அமிலம் சிறிய, நேரான மூலக்கூறு; அது முடியிழைக்குள்ளேயே போகும். பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் மினரல் எண்ணெயோ மேலே நின்றுவிடும். உள்ளே போன எண்ணெய் ஊதலைக் குறைப்பதால் புரத இழப்பும் குறைகிறது. முதல் நாள் இரவோ, குளிக்க ஒரு மணி நேரம் முன்போ தேய்த்தால் போதும்.

ஆனால் வளர்ச்சி வேறு கதை. முடி வளர்வது வேரில். மாதத்துக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர்தான். எண்ணெய் அந்த வேகத்தைக் கூட்டுவதில்லை. எண்ணெய் வைத்தவர்களின் கூந்தல் நீண்டிருக்கக் காரணம், அது நடுவில் ஒடியாததுதான். பொடுகு இருந்தால் மண்டையில் எண்ணெயை ஊறவிடாதீர்கள். பொடுகுக்குக் காரணமான பூஞ்சைக்குக் கொழுப்பே உணவு. முடியின் நுனிகளுக்கு மட்டும் தடவுங்கள். அடிக்கடி பரு வரும் முகத்துக்கும் இந்த எண்ணெய் ஆகாது.

கேள்வி: பருவின் மேல் பற்பசை வைக்கலாமா? சமையல் சோடா?

இரண்டும் வேண்டாம். பரு காய்ந்ததுபோல் தெரியும். சுற்றியுள்ள தோல் எரிந்துபோகும்.

கேள்வி: அம்மா, என் பேரனுக்குத் தோல் வறண்டு இரவெல்லாம் அரிப்பு. ஓட்ஸ் தண்ணீரில் குளிப்பாட்டச் சொல்கிறார்கள். செய்யலாமா?

வீட்டு வைத்தியங்களில் நான் மனமார ஆதரிப்பது இதைத்தான். ஓட்ஸில் இருக்கும் அவெனந்த்ரமைடு என்ற பொருள்கள் அரிப்பையும் சிவப்பையும் தணிக்கின்றன. இனிப்போ மணமோ சேர்க்காத ஓட்ஸை மாவாகப் பொடித்துக்கொள்ளுங்கள். ஒரு தம்ளர் நீரில் ஒரு கரண்டி போட்டால் பால்போல் கலங்க வேண்டும்; அடியில் தங்கினால் இன்னும் பொடிக்க வேண்டும். வெதுவெதுப்பான நீரில் கலந்து 10 முதல் 15 நிமிடம் போதும். துண்டால் ஒற்றியெடுத்து, ஈரம் காயும் முன்பே களிம்பைப் பூசிவிடுங்கள். ஓட்ஸ் தண்ணீர் வழுக்கும், குழந்தையை விட்டு நகராதீர்கள். தோல் வெடித்து நீர் கசிந்தால் எந்த உணவுப்பொருளையும் அதன்மேல் போட வேண்டாம், மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: பாட்டியின் மருதாணி செம்பழுப்பாகத்தான் பிடிக்கும். இப்போது வாங்கியது பத்தே நிமிடத்தில் கன்னங்கறுப்பாகப் பிடித்தது. தரமானதுதானே?

தயவுசெய்து அதை உடனே நிறுத்துங்கள். மருதாணியிலுள்ள லாசோன் என்ற நிறப்பொருள் தோலின் புரதத்தோடு மெல்லத்தான் இணையும். ஆரஞ்சிலிருந்து செம்பழுப்பு வரைதான் நிறம் தரும். நிமிடங்களில் கறுத்தால், அதில் முடிச்சாயத்தில் சேர்க்கும் பிபிடி என்ற இரசாயனம் கலந்திருக்க வாய்ப்பு மிக அதிகம். அதற்கு ஒருமுறை ஒவ்வாமை வந்தால் பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க நீடிக்கும். பிறகு தலைக்குச் சாயம் பூசினாலும் முகம் வீங்கக்கூடும்.

கேள்வி: கற்றாழையும் பன்னீரும் அரைத்து ஒரு மாதத்துக்கு வைத்திருக்கிறேன். கெடுமா?

கெட்டுவிடும். தண்ணீர் இருக்கும் எந்தக் கலவையிலும் கிருமி வளரும். நாற்றம் வரும் முன்பே அது கண்ணுக்கும் தோலுக்கும் கேடு செய்துவிடும். அன்றன்று தேவையான அளவு அரையுங்கள். இலையை வெட்டியதும் செங்குத்தாக நிறுத்தி, வடியும் மஞ்சள் பாலை விட்டுவிட்டுக் கழுவுங்கள். அரிப்பு தருவது பெரும்பாலும் அந்தப் பால்தான். எந்தப் புதுக் கலவையையும் முழங்கையின் உட்புறம் நாளுக்கு இருமுறை, 7 நாள் பூசிப் பார்த்த பிறகே முகத்துக்குக் கொண்டுபோங்கள்.

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. நிறம் கூட வேண்டும் என்று உறவினர்கள் ஆளுக்கொரு கலவை சொல்கிறார்கள். யாரோ தந்த க்ரீமையும் இரண்டு மாதமாகப் பூசுகிறாள், நன்றாகவே வெளுத்திருக்கிறாள். தொடரலாமா?

இந்தக் கேள்வியைப் படித்ததும் மனம் கனத்தது. தோலுக்கு நிறம் தரும் மெலனின் என்ற நிறமியைத் தயாரிக்கும் செல்களின் எண்ணிக்கை எல்லா மனிதர்களுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அவை எவ்வளவு, எந்த வகை மெலனினைத் தருகின்றன என்பதில்தான் வேறுபாடு. புற ஊதாக் கதிரிலிருந்து அவளைக் காப்பது அந்த நிறமிதான். அரைத்துப் பூசும் எதுவும் பிறவி நிறத்தை மாற்றாது. வெயிலில் கறுத்தது தானாகவே வாரங்களில் தெளியும். இதை உறவினர்கள் முன்னாலேயே, அவள் காதில் விழும்படி சொல்லுங்கள்.

அந்த க்ரீம்தான் எனக்குப் பயம். இவ்வளவு வேகமாக வெளுக்க வைப்பவற்றில் பாதரசமோ ஸ்டீராய்டோ கலந்திருப்பதுண்டு. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஸ்டீராய்டு தோலை மெலியவைத்துப் பருவையும் தேவையற்ற முடியையும் கொண்டுவரும். திடீரென நிறுத்தினாலும் முகம் சிவந்து எரியும். அதனால் நீங்களாக எதையும் முடிவு செய்யாமல், இந்த வாரமே அவளையும் அந்த டப்பாவையும் தோல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். லேபிள் கிழிந்திருந்தாலும் டப்பாவைத் தூக்கிப் போடாதீர்கள்.