பெயர்ப்பலகைக்காக நகையை அடகு வைக்காதீர்கள்

மண்டபத்திலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

மகள் அரசுப் பள்ளியில் உயிரியல் - கணிதப் பிரிவு முடித்திருக்கிறாள். தாய்மாமா சொல்லும் தனியார் டீம்டு (நிகர்நிலை) பல்கலைக்கழகத்தில் இன்ஜினியரிங் சேர்க்க நகையை அடகு வைக்கலாமா என்று கேட்கிறீர்கள். உங்கள் பதற்றம் புரிகிறது. ஆனாலும், வைக்காதீர்கள்.

"காலேஜா இருந்தது இப்ப யுனிவர்சிட்டி ஆயிடுச்சு" என்பதுதான் மாமாவின் வாதம். ஒரு கல்லூரி முதலில் ஏதாவது ஒரு பல்கலைக்கழகத்தின் இணைப்பில் நடக்கும். தன்னாட்சி கிடைத்ததும் பாடத்திட்டமும் தேர்வும் அதன் கைக்கு வரும், பட்டம் மட்டும் பல்கலைக்கழகத்துடையது. 1956 பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) சட்டத்தின் 3-ஆம் பிரிவில் நிகர்நிலை ஆகிவிட்டால் பட்டமும் அவர்களுடையதே. இதனால் பாடம் நடத்துவது உயர்ந்துவிடும் என்று எந்த உறுதியும் இல்லை. உங்கள் செலவு உயரும் என்பது உறுதி. தனியார் நிகர்நிலை நிறுவனங்கள் அரசுப் பொறியியல் கலந்தாய்வில் வருவதில்லை. அங்கே முதல் பட்டதாரி சலுகையும் இல்லை, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடும் இல்லை. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு அந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசே ஏற்கிறது. அதைக் கைவிட்டுக் கடன் வாங்குவதை நான் ஒப்பமாட்டேன்.

கடல் உயிரினங்களைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பி.எஃப்.எஸ்சி. என்ற நான்காண்டு மீன்வள அறிவியல் படிப்பை வீட்டில் யாரும் சொல்லவில்லையா? தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி 1977-இல் வேளாண் பல்கலைக்கழகத்தின் கீழ் தொடங்கியது. 1989-இல் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்துக்குப் போனது. 2012-இல் நாகப்பட்டினத்தில் மீன்வளத்துக்கென்றே பல்கலைக்கழகம் வந்தபோது அதில் சேர்ந்தது. தாய்ப் பல்கலைக்கழகம் இரண்டு முறை மாறியும் அங்கே கற்பிப்பது மீன்வளம்தான்.

மீன் வளர்ப்பு, நீர்ச்சூழல், மீன் நோய், பதப்படுத்தல், கடல் வளக் கணக்கெடுப்பு எல்லாம் பாடத்தில் உண்டு. கடைசி ஆண்டில் பண்ணைகளிலும் ஆலைகளிலும் பயிற்சி. படித்தவர்கள் இறால் குஞ்சுப் பொரிப்பகம், ஏற்றுமதி ஆலையின் தரப் பரிசோதனை, மீன்வளத் துறை ஆய்வாளர் தேர்வு என்று போகிறார்கள். மேற்படிப்பான எம்.எஃப்.எஸ்சி. படிக்க மும்பையில் மத்திய மீன்வளக் கல்வி நிறுவனம் இருக்கிறது. அதுவும் 1989 முதல் நிகர்நிலைதான், ஆனால் மத்திய அரசின் வேளாண் ஆராய்ச்சிக் குழுவான ஐசிஏஆர் நடத்துவது. டீம்டு என்ற சொல்லைவிட, நடத்துவது யார் என்பதே முக்கியம். உங்கள் ஊரிலேயே இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி மையத்தில்தான் கடல் விரால் (கோபியா) மீன் குஞ்சு பொரிக்க வைத்தார்கள். மகளை ஒருநாள் அங்கே அழைத்துப் போங்கள்.

ஈரத் தரை, குளிர் அறை, விடியலில் குளத்து நீர் எடுப்பது எல்லாம் இந்த வேலையில் உண்டு. அவளுக்குச் சம்மதமா என்று அவளிடமே கேளுங்கள், மாமாவிடம் வேண்டாம்.

பலர் கோட்டைவிடுவது விண்ணப்பத்தில். சேர்க்கை பிளஸ் டூ மதிப்பெண்ணில்தான், நீட் தேவையில்லை. பொறியியல் கலந்தாய்வுக்குப் பதிந்தால் போதாது, மீன்வளப் படிப்புக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். நீட் முடிவு வரட்டும் என்று காத்திருந்து கெடுவைத் தவறவிடாதீர்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்ததற்கான பள்ளிச் சான்றையும் சாதிச் சான்றிதழையும் இப்போதே வாங்கிவிடுங்கள். மீனவர் பிள்ளைகளுக்குச் சிறப்புப் பிரிவு உண்டு, வீட்டுக்காரரின் மீனவர் நல வாரிய அட்டை நடப்பில் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.